முகிற் சேவையும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமும்

ஒரு சங்கத்தின் ஆயுள் அதன் பதிவேட்டிலே தங்கியிருக்கின்றது. அங்கத்தவர் யாவர், எந்த ஆண்டிலே கல்லூரியை விட்டுச் சென்றனர், இன்று எத்தேசத்தில் வாழ்கின்றனர், அவர்க்குக் கடிதம் எழுத வேண்டின் எம்முகவரிக்கு எழுதுதல் வேண்டும் என்பவற்றை அறியாத சங்கம் பெயரளவிலேயே சங்கமாகும். முன்னாளில் இப்பதிவேடு தடித்த அட்டையிட்ட புத்தகமாய்க் காரியதரிசியின் மேசை இழுப்பறையிலே இருந்தது. இன்று பழைய மாணவர் கொழும்பிலும் இலண்டனிலும் தொரன்றோவிலும் சிட்னியிலும் பரந்து வாழ்கின்றனர். ஆகவே பதிவேடும் எவ்விடத்திருந்தும் அணுகத்தக்கதாய் இணையத்திலே அமைதல் வேண்டும் என்னும் விருப்பம் இயல்பாகவே எழுகின்றது. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்ற இளைஞர் இருவர் மூவர் சேர்ந்தால் இப்பணியைச் சில நாள்களிலே தொடங்கிவிடலாம். அதற்குத் துணைநிற்கும் கருவி ஒன்றை விளக்குவதும், அதனைக் கையாளத் தொடங்குவோர் முதற்கண் மனத்திற் கொள்ள வேண்டியது யாது என்று கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முகிற் சேவை என்னும் தொடர் புதியதாயினும் அதன் பொருள் கடினமானதன்று. பெரிய நிறுவனங்கள் சில, உலகின் பல பாகங்களிலே கட்டடங்கள் அமைத்து, அவற்றில் ஆயிரக்கணக்கான கணனிகளை இரவும் பகலும் ஓயாது இயங்கவைத்து, அவற்றின் ஆற்றலையும் சேமிப்பிடத்தையும் வேண்டுவோர்க்கு வாடகைக்கு விடுகின்றன. அமேசன் நிறுவனம் 2006ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆம் திகதி எஸ்3 என்னும் சேமிப்புச் சேவையைத் தொடங்கியமை இத்துறையின் வளர்ச்சியிலே ஒரு முக்கிய படியாகும். வீடுதோறும் மின்பொறி வைத்துக்கொள்ளாது, கம்பி வழியாக வரும் மின்சாரத்தைப் பெற்று, செலவான அலகுக்கு மட்டும் பணம் செலுத்துகின்றோம் அல்லவா? அதுபோலவே இங்கும் சொந்தமாகச் சேவையகம் ஒன்றை வாங்கிப் பராமரிக்காது, பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம் செலுத்துகின்றோம்.

இனி, ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் என்பது யாது? ஜாவாஸ்கிரிப்ட் என்பது 1995ஆம் ஆண்டு நெற்ஸ்கேப் நிறுவனத்திலே பிரெண்டன் ஐக் என்பார் பத்தே நாளில் முதல் வடிவம் கொடுத்த கணனி மொழி. இன்று எல்லா உலாவிகளும் விளங்கிக்கொள்ளும் மொழி அதுவே. தொலைவிலுள்ள முகிற் சேவையோ, குறித்த அமைப்பிலே எழுதப்பட்ட வேண்டுகோள்களை மட்டுமே ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொரு வேண்டுகோளையும் எழுத்தெண்ணி நாமே அமைப்பது பெருந்தொல்லை. கச்சேரி வாயிலிலே மனு எழுதுவோர் இருப்பதை நாம் அறிவோம். நமது காரியத்தை நாம் வாய்மொழியாகச் சொல்ல, அவர் அதனை உரிய படிவத்தில் எழுதித் தருவார். அம்மனு எழுதுவோரின் இடத்திலே நிற்பதுதான் கிளையன்ட் லைப்ரரி எனப்படும் சேவைபெறுநர் நூலகம். சேவையை நடத்தும் நிறுவனமே அதனை எழுதி வழங்குகின்றது. நாம் 'இந்த ஆவணத்தைக் கொண்டுவா', 'இதனை எழுதிவை' என்று சிறு கட்டளையிட்டால், அது வேண்டுகோளை அமைத்து அனுப்பி, விடையையும் பெற்றுத் தருகின்றது.

இத்தகைய நூலகங்கள் பலவற்றுள், தொடங்குவோர் பெரிதும் கையாளும் ஃபயர்பேஸ் என்பதனை இங்கே எடுத்துக்கொள்வோம். அதன் பிறப்பு வரலாறு சுவையானது. ஜேம்ஸ் டாம்ப்ளின், ஆன்ட்ரூ லீ என்னும் இருவர் அமெரிக்காவிலே என்வால்வ் என்னும் பெயரில் உரையாடற் சேவை ஒன்றை நடத்தினர். இணையப் பக்கங்களிலே உரையாடல் வசதி சேர்ப்பதற்கென அவர்கள் அமைத்த அச்சேவையை, சிலர் உரையாடலுக்கன்றி விளையாட்டு முதலியவற்றின் தரவுகளைக் கணந்தோறும் பரிமாறுவதற்குப் பயன்படுத்துவதைக் கண்டனர். மக்களுக்கு வேண்டியது யாதென உணர்ந்து, அப்பகுதியைப் பிரித்தெடுத்து 2011இல் ஃபயர்பேஸ் எனத் தனி நிறுவனமாக்கினர். 2014 ஒக்டோபரில் கூகிள் நிறுவனம் அதனை வாங்கியது. ஃபயர்ஸ்டோர் என்னும் புதிய தரவுத்தளம் 2017 ஒக்டோபரில் சோதனை நிலையில் வெளிவந்து, 2019 ஜனவரியில் முழுமையாக நிலைபெற்றது. நமது விளக்கம் இந்த ஃபயர்ஸ்டோரைப் பற்றியதே.

இவ்விடத்திலே இச்சேவையின் தனித்தன்மையை உணர்ந்துகொள்ளுதல் வேண்டும். பழைய முறையிலே உலாவிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே சேவையகத்திலே ஒரு செய்நிரல் இருந்தது. கந்தோரிலே முன்மேசையில் இருக்கும் இலிகிதர் போன்றது அது. வந்தவர் யார், கேட்பது யாது, கொடுக்கலாமா என்று ஆராய்ந்த பின்பே உள்ளறைக்குச் சென்று கோப்பை எடுத்துவரும். ஃபயர்பேஸ் முறையிலோ அவ்விலிகிதர் இல்லை. படிப்பவரின் உலாவியிலே ஓடும் பக்கமே நேராகக் கோப்பறையுடன் பேசுகின்றது. இதனாலே வேலை பாதியாகக் குறைகின்றது. இளைஞர் சில நாள்களிலே ஒரு பதிவேட்டை ஆக்கவும் முடிகின்றது. ஆயின் இலிகிதர் செய்த காவற்பணியை இப்போது யார் செய்வது? இவ்வினாவுக்கு விடை காணாது நூலகத்தைக் கையாளத் தொடங்குவது, கோப்பறையின் கதவைத் திறந்து வைத்துவிட்டு வீடு செல்வதை ஒக்கும். இவ்வினாவை மனத்திலே நிறுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

தொடங்கும் முறை எளிது. முதலிலே ஃபயர்பேஸின் கட்டுப்பாட்டுப் பக்கத்திற் கூகிள் கணக்கினால் நுழைந்து ஒரு செயற்றிட்டத்தை உருவாக்க வேண்டும். தனியாள் ஒருவரின் கணக்கிலே இதனைச் செய்யாது, சங்கத்தின் பெயரில் மின்னஞ்சற் கணக்கொன்று வைத்து அதனாற் செய்வது நன்று. உருவாக்கிய இளைஞர் பிறநாடு சென்றாலும் பதிவேடு சங்கத்திடமே இருக்கும். அடுத்து ஃபயர்ஸ்டோர் தரவுத்தளத்தை அமைக்கும்போது, அது உலகின் எவ்விடத்திலே தங்கவேண்டும் என்று கேட்கப்படும். மும்பாய், சிங்கப்பூர் ஆகியன நமக்கு அண்மையில் உள்ளவை. ஒருமுறை தெரிந்த இடத்தைப் பின்னர் மாற்ற இயலாது என்பதை நினைவிற் கொள்க.

அதன்பின் நமது இணையப் பக்கத்தைச் செயற்றிட்டத்திலே பதிவு செய்தால், அமைவுக் குறிப்பு ஒன்று தரப்படும். ஏபிஐ திறப்பு, செயற்றிட்டத்தின் அடையாளம், பக்கத்தின் அடையாளம் முதலிய சில வரிகள் அதில் இருக்கும். நூலகத்தைப் பெறுதற்கு இரு வழிகள் உள்ளன. கணனியிலே நோட் என்னும் மென்பொருளை நிறுவியிருந்தால், என்பிஎம் என்னும் பொதி முகாமைக் கருவிக்கு 'ஃபயர்பேஸை நிறுவுக' என்று ஒருவரியிற் கட்டளையிடலாம். அன்றேல் கூகிள் வழங்கும் முகவரியிலிருந்து பக்கம் திறக்கும்போதே நூலகத்தை வரவழைக்கலாம். 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ஒன்பதாம் பதிப்பு முதல் நூலகம் தனித்தனிக் கூறுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வேண்டிய கூறுகளை மட்டும் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டால், பக்கத்தைத் தொகுக்கும் கருவி எஞ்சியவற்றை நீக்கிவிடும். மெதுவான இணைப்பு உள்ள ஊரிலே கைத்தொலைபேசியிற் பக்கத்தைத் திறப்பவர்க்கு இது பேருதவியாகும். பழைய பதிப்புக்கென எழுதப்பட்ட பாடங்கள் இணையத்திலே இன்றும் பல உள. அவற்றின் கட்டளை வடிவம் வேறு; ஆகவே எப்பதிப்புக்குரிய பாடம் என்று பார்த்தே படித்தல் வேண்டும்.

நூலகம் கைக்கு வந்தபின், 'இனிஷியலைஸ்ஆப்' என்னும் கட்டளைக்கு அமைவுக் குறிப்பைக் கொடுத்துத் தொடர்பைத் தொடக்கவும், 'கெற்ஃபயர்ஸ்டோர்' என்னும் கட்டளையினால் தரவுத்தளத்தை அழைக்கவும் வேண்டும். இவ்விரண்டுடன் தொடக்கம் முடிந்தது.

இவ்விடத்திலே தொடங்குவோர் பலர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்க்கும் எவரும் அந்த ஏபிஐ திறப்பைப் படிக்கலாமே. அது களவு போகாதா என்பதே அது. திறப்பு என்னும் பெயர் தந்த மயக்கம் இது. ஃபயர்பேஸிலே அது பூட்டைத் திறக்கும் திறப்பன்று. எந்தச் செயற்றிட்டத்தை நாடி வந்திருக்கின்றோம் என்று காட்டும் வீட்டிலக்கமே. வீட்டிலக்கத்தை மறைப்பதனாற் கள்வரைத் தடுக்க இயலாது. கதவே தடுத்தல் வேண்டும். ஆயின் உண்மையான திறப்பு ஒன்றும் உண்டு. சேவைக் கணக்குத் திறப்பு எனப்படும் அது, எவ்விதிக்கும் கட்டுப்படாது எல்லாவற்றையும் படிக்கவும் அழிக்கவும் வல்லது. அது நிர்வாகிகளின் சேவையகத்திலே இருத்தற்குரியது. அதனை எக்காரணம் பற்றியும் உலாவிக்குச் செல்லும் பக்கத்திலே எழுதலாகாது. பொதுவில் வைக்கும் மூலக்கோப்புகளிலும் சேர்க்கலாகாது.

ஃபயர்ஸ்டோரிலே தரவு ஆவணங்களாக அமைகின்றது. ஆவணங்கள் சேர்ந்தது தொகுப்பு. 'அங்கத்தவர்' என்னும் தொகுப்பிலே ஒவ்வோர் அங்கத்தவர்க்கும் ஓர் ஆவணம். அவ்வாவணத்திலே பெயர், கல்லூரியை விட்ட ஆண்டு, வாழும் நாடு எனப் புலங்கள். ஓர் ஆவணம் ஒரு மெபிபைட்டுக்கு, அஃதாவது ஏறத்தாழப் பத்திலட்சம் எழுத்தலகுக்கு, மேற்படலாகாது. புதிய ஆவணத்தைச் சேர்த்தற்கும், உள்ளதைத் திருத்துதற்கும், நீக்குதற்கும், ஒன்றையோ பலவற்றையோ பெறுதற்கும் தனித்தனிக் கட்டளைகள் நூலகத்தில் உள்ளன. '1985இல் விலகியோர் மட்டும்' என நிபந்தனையிட்டுக் கேட்கவும் இயலும்.

கட்டளையிட்டவுடன் விடை கையில் வந்துவிடும் என்று எண்ணுதல் கூடாது. வேண்டுகோள் கடல்கடந்து சென்று மீளுதற்குச் சிறிது நேரம் செல்லும். அதுவரை ஜாவாஸ்கிரிப்ட் கைகட்டி நில்லாது அடுத்த வரிக்குச் சென்றுவிடும். உடனே நூலகம் தருவது விடையன்று. விடை வரும் என்னும் வாக்குறுதி. 'ப்ராமிஸ்' என்று அதற்குப் பெயர். இலக்கணம் கற்றவர்க்கு இது எளிதில் விளங்கும். 'வந்து' என்னும் வினையெச்சம் தன்னளவிலே முடிவதன்று. 'நின்றான்' என்பது போன்ற முற்றை வேண்டி நிற்கும். ப்ராமிசும் அத்தகைய எச்சமே. அது நிறைவேறி முடியலாம், மறுக்கப்பட்டும் முடியலாம். 'அவெய்ட்' என்னும் சொல்லைக் கட்டளையின் முன்னே இட்டால், முற்று வரும்வரை அச்செயற்பாடு பொறுத்திருந்து பின்னரே மேற்செல்லும். இதனை இடாதுவிட்டால், தரவு வருமுன்னே பக்கம் வெறுமையாய்க் காட்சியளிக்கும். மறுக்கப்படின் யாது செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதிவைத்தல் வேண்டும்.

ஒருமுறை கேட்டுப் பெறுவதேயன்றி, 'மாற்றம் நிகழுந்தோறும் எனக்குச் சொல்' என்று கேட்டுவைக்கும் கட்டளையும் உண்டு. இலண்டனிலுள்ளவர் தம் முகவரியைத் திருத்தினால், கொழும்பிலே திறந்திருக்கும் பக்கத்தில் அது கணத்திலே மாறிவிடும். பக்கத்தின் அப்பகுதியை மூடும்போது அக்கேள்வியையும் நிறுத்திவிடுதல் வேண்டும். அன்றேல் வீணே தரவு வந்துகொண்டிருக்கும், கணக்கும் ஏறிக்கொண்டிருக்கும்.

இப்போது முன்னர் நிறுத்தி வைத்த வினாவுக்கு வருவோம். இலிகிதர் இல்லாத கந்தோரிலே காவல் யார்? பாதுகாப்பு விதிகளே காவல். இவை நமது பக்கத்திலே எழுதப்படுவன அல்ல. கூகிளின் சேவையகத்திலே தரவுத்தளத்தின் வாயிலில் நிறுத்தப்படுவன. நூலகத்தின் வழியாக வரும் ஒவ்வொரு வேண்டுகோளும் இவ்விதிகளைக் கடந்தே உட்செல்லும். தரவுத்தளத்தை அமைக்கும்போது, பூட்டிய நிலையா, சோதனை நிலையா என்று கேட்கப்படும். சோதனை நிலையிலே 30 நாள்களுக்கு எவரும் எதனையும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். முதற்பாடம் உடனே பலிக்கின்றதே என்னும் மகிழ்ச்சியிலே பலர் இதனைத் தெரிகின்றனர். முப்பது நாள் முடிந்து பக்கம் இயங்காது போனதும், விதிகளைச் சிந்தித்து எழுதாது, முற்றாகத் திறந்துவிடும் ஒரு வரியை எழுதி அமைதியடைவோரும் உளர். தொல்லை அங்கேதான் தொடங்குகின்றது.

அதன் விளைவு எத்தகையது என்பதற்கு 2024ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். அவ்வாண்டு மார்ச் மாதத்திலே பாதுகாப்பு ஆய்வாளர் மூவர், ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட இணையப் பெயர்களை ஆராய்ந்து, ஃபயர்பேஸ் விதிகள் இல்லாத அல்லது பிழையாக எழுதப்பட்ட 916 தளங்களைக் கண்டறிந்தனர். அவற்றிலே ஏறத்தாழ 125 மில்லியன் பயனர் பதிவுகள் எவரும் படிக்கத்தக்கனவாய்க் கிடந்தன. மறைக்கப்படாத கடவுச்சொற்கள் மட்டும் ஏறத்தாழ 19 மில்லியன். இங்கே எவரும் பூட்டை உடைக்கவில்லை. பூட்டு இருக்கவில்லை என்பதே உண்மை.

ஆகவே பூட்டிய நிலையிலே தொடங்கி, வேண்டியவர்க்கு வேண்டியதை மட்டும் திறந்துவிடுதலே முறை. விதி எழுதுவோர் மூன்று நுட்பங்களைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

முதலாவது, ஆளறிதல் வேறு, அதிகாரம் வேறு. நூலகத்தின் இன்னொரு கூறு, மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொண்டு ஒருவர் உள்நுழைய வழிசெய்கின்றது. 'உள்நுழைந்தவர் எவரும் படிக்கலாம்' என்று விதி எழுதினாற் போதும் எனச் சிலர் கருதுவர். ஆயின் மின்னஞ்சல் உடைய எவரும் புதிதாகக் கணக்குத் தொடங்கி உள்நுழையலாமே. உள்நுழைந்தவர் நம் அங்கத்தவர்தாமா என்பதை அது காட்டாது. ஆதலால் காரியதரிசி ஏற்றுக்கொண்டோரின் பட்டியலைத் தனித் தொகுப்பாக வைத்து, அதிலே அவருடைய அடையாளம் உள்ளதா என்று விதி பார்த்தல் வேண்டும். அப்பட்டியலை அங்கத்தவர் தாமே எழுத இயலாதிருத்தலும் வேண்டும். அன்றேல் அந்நியர் ஒருவர் தம்மைத் தாமே ஏற்றுக்கொண்டுவிடுவார்.

இரண்டாவது, விதி ஆவணம் முழுவதற்கும் உரியது. ஓர் ஆவணத்தைப் படிக்க அனுமதித்தால் அதன் எல்லாப் புலங்களும் செல்லும். பெயரை மட்டும் காட்டித் தொலைபேசி இலக்கத்தை மறைப்போம் என்று பக்கத்திலே திரையிடுவது பயனற்றது. திரைக்குப் பின்னே தரவு ஏற்கெனவே உலாவிக்கு வந்துவிட்டது. ஆகவே பெயரும் ஆண்டும் ஒரு தொகுப்பிலும், முகவரியும் தொலைபேசியும் வேறொரு தொகுப்பிலும் இருத்தல் வேண்டும். பின்னையதைப் படிப்போரும் திருத்துவோரும் வேறு விதிக்கு உட்படுவர்.

மூன்றாவது, விதி அரிதட்டன்று, கதவு. 'வெளியிட இசைந்தோரின் ஆவணத்தை மட்டும் படிக்கலாம்' என்பது விதியானால், எல்லா ஆவணங்களையும் கேட்கும் வேண்டுகோளுக்கு இசைந்தோர் மட்டும் அரித்தெடுத்து அனுப்பப்படமாட்டார். வேண்டுகோள் முழுவதுமே மறுக்கப்படும். பக்கமும் 'இசைந்தோர் மட்டும்' என்றே கேட்டல் வேண்டும்.

எழுதிய விதிகளை உண்மைத் தரவின்மேற் சோதிக்க வேண்டியதில்லை. எமுலேட்டர் என்னும் கருவி, நமது கணனியிலேயே சேவையைப் போன்ற ஒன்றை இயக்கிக் காட்டும். அங்கத்தவராக நின்றும், அந்நியராக நின்றும், பிறருடைய ஆவணத்தைத் திருத்த முயல்பவராக நின்றும் அதிலே பரீட்சித்துப் பார்க்கலாம். தரவேண்டியது தரப்படுகின்றதா என்று பார்ப்பதிலும், தரலாகாதது மறுக்கப்படுகின்றதா என்று பார்ப்பதே முக்கியமானது.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டணமற்ற திட்டத்திலே நாளொன்றுக்கு 50,000 ஆவண வாசிப்பும் 20,000 எழுத்தும் அனுமதிக்கப்படுகின்றன. 2,000 அங்கத்தவரைக் கொண்ட பதிவேட்டை, பக்கம் திறக்குந்தோறும் முழுவதுமாக வரவழைத்தால், இருபத்தைந்து முறை திறந்தவுடன் அந்நாளின் அளவு தீர்ந்துவிடும். ஓர் ஆண்டுக்குரிய நாற்பது பேரை மட்டும் கேட்டால் 1,250 முறை திறக்கலாம். கட்டணமற்ற திட்டத்தில் அளவு தீர்ந்தால் சேவை மறுநாள்வரை நின்றுவிடும். பணம் செலுத்தும் திட்டத்திலோ அது நில்லாது, கணக்கு ஏறும். செலவு எல்லையைத் தாண்டும்போது எச்சரிக்கை அனுப்புமாறு ஏற்பாடு செய்யலாமாயினும், அவ்வெச்சரிக்கை செலவைத் தானே நிறுத்தாது என்பதையும் பொருளாளர் அறிந்திருத்தல் நன்று.

பிறருடைய விவரங்களைச் சேர்த்து வைத்தல் பொறுப்பு மிக்க காரியம். நமது நாட்டிலே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டமையும் இப்பொறுப்பை வலியுறுத்துகின்றது. இழுப்பறையிலிருந்த பழைய புத்தகம் களவு போனால் ஒரு பிரதி போகும். திறந்து கிடக்கும் தரவுத்தளம் களவு போனதோ எவர்க்கும் தெரியாது. புத்தகம் இருந்த இடத்திலேயே இருக்கும், பிரதியோ உலகெங்கும் செல்லும். வயது முதிர்ந்த அங்கத்தவர் ஒருவரின் தொலைபேசி இலக்கமும் அவர் பயின்ற ஆண்டும் வஞ்சகர் கைக்கு எட்டினால், 'உங்கள் வகுப்புத் தோழன் பேசுகின்றேன்' என்று பணம் கேட்பது அவர்க்கு எளிதாகிவிடும்.

நூலகத்தின் கட்டளைகளைக் கற்றல் சில மாலைப்பொழுதுகளின் வேலை. அதனை இளைஞர் செவ்வனே செய்வர். எவர் எதனைப் படிக்கலாம், எவர் எதனைத் திருத்தலாம், எதனைச் சேர்க்கவே கூடாது என்று தீர்மானித்தல் இளைஞரின் வேலையன்று. அது செயற்குழுவின் கடமை. செயற்குழு கூடி அத்தீர்மானங்களை முதலிலே ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். இளைஞர் அதனை விதியின் மொழிக்கு மாற்றி, பரீட்சித்து, அதன் பின்னரே முதலாவது பெயரைப் பதியட்டும். காவலை நிறுத்திவிட்டுக் கோப்பறையைத் திறக்கும் சங்கத்தை நம்பி, அங்கத்தவர் தம் விவரங்களை மனமுவந்து கொடுப்பர். அந்நம்பிக்கை உள்ளவரை பதிவேடு வளரும். பதிவேடு வளரச் சங்கமும் வளரும்.